ஸ்பிரிங்ளர் பழுதுக்கு 14,800 ராண்ட் நியாயமா? பாகத்தின் விலை குறைவு, தேடும் கூலிதான் அதிகம்

முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் ஓர் எஸ்டேட்டுக்குள் (தனி நிர்வாகம் உள்ள குடியிருப்பு வளாகம்) வீடு வாங்கியிருக்கிறீர்கள். பழைய உரிமையாளர் போட்டுவைத்த ஆறு ஸோன் (தனித்தனி வால்வில் ஓடும் தோட்டப் பகுதி) ஸ்பிரிங்ளர் கூடவே வந்தது. மூன்றாவது ஸோன் அடியோடு வேலை செய்யவில்லை. ஐந்தாவது ஸோன் ஓடி நின்ற பிறகும் தாழ்வான மூலையில் இருக்கும் ஹெட்டில் (தண்ணீர் தெளிக்கும் தலைப்பகுதி) தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் பில்லும் ஏறிவிட்டது. வந்து பார்த்தவர் "எல்லாமே பழசு" என்று சொல்லி, ஆறு வால்வையும் பதினெட்டு ஹெட்டையும் மாற்றி, ஸோன்களை நேரப்படி ஓட்டும் வைஃபை கன்ட்ரோலரும் வைத்துத் தர 14,800 ராண்ட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இது நியாயமா, கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு குறைக்காக மட்டும் என்றால் கட்ட வேண்டாம். அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. இந்த இரண்டையும் சரிசெய்ய, ஆள் வைத்தால் 2,000 முதல் 3,000 ராண்டுக்குள் முடிய வேண்டும். நீங்களே இறங்கினால் 600 ராண்டில்கூட முடியும். ஆனால் ஐந்தாவது ஸோன் கசிவை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன், அது பணத்தைவிடப் பெரிய விஷயம்.

நான் கோயம்புத்தூரில் வேளாண் பொறியியல் படித்தவன். இங்கே கௌட்டெங் மாகாணத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பாசனம் போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். கீழே நான் சொல்லும் விலைகள் இங்கே கடைகளில் நான் பார்க்கிற ஏறக்குறைய விலைகள். கடைக்குக் கடை மாறும், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். ஒரு கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க இது போதும்.

இந்தத் தொழிலில் பாகங்கள் மலிவு. தண்ணீர் வந்ததும் தரையிலிருந்து எழும் நாலு அங்குல பாப்-அப் ஹெட், நாசிலோடு (தெளிக்கும் வாய்) சேர்த்து 80 முதல் 150 ராண்ட். வெறும் நாசில் 25 முதல் 60. சுழன்று அடிக்கும் கியர் ரோட்டர் 250 முதல் 500. ஒரு அங்குல எலெக்ட்ரிக் வால்வு முழுதாக 450 முதல் 900. அதன் தலையில் இருக்கும் சொலனாய்டு காயில் (மின்சாரத்தால் வால்வைத் திறக்கும் கம்பிச்சுருள்) மட்டும் 200 முதல் 400. உள்ளே தண்ணீரை அடைக்கும் ரப்பர் டயஃப்ரம் 100 முதல் 250. ஆறு ஸோன் கன்ட்ரோலர் சாதாரணமானது 2,000 ராண்டில் தொடங்கும், வைஃபை உள்ளது இன்னும் மேலே போகும். இவற்றோடு ஆள் வந்து நிற்பதற்கான கால்-அவுட் கட்டணம் 500 முதல் 900, அதற்குப் பிறகு மணிக்கு 400 முதல் 700.

200 ராண்ட் பாகத்தைப் போட ஐந்து நிமிடம் போதும். ஆனால் எந்தப் பாகம் கெட்டது, அது மண்ணுக்கடியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகலாம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தத் தேடலுக்குத்தான் போகிறது. நேரம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், பல பேர் தேடாமலே எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று விலை போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது பாதுகாப்பு, உங்களுக்கு அது செலவு. தேடுகிற வேலையில் முக்கால்வாசி வீட்டுக்காரர் தானே செய்யக்கூடியது. 200 முதல் 400 ராண்டுக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் (மின்சாரம் அளக்கும் கருவி), ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் கரண்டி, ஒரு சனிக்கிழமைக் காலை. அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் பழைய உரிமையாளரிடமும் வேலை பார்த்தவர் என்றால் அவரிடம் கேளுங்கள். அந்தத் தோட்டத்தை உங்களைவிட அதிக நாள் பார்த்தவர் அவர். எந்த வால்வு எந்தப் புதருக்கடியில் புதைந்திருக்கிறது, எந்த வருஷம் ஃபைபர் கேபிள் போட வந்தவர்கள் எங்கே பைப்பை வெட்டினார்கள், எங்கே மண்வெட்டி பட்டு ஒட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கொட்டேஷன் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அது எப்போதும் வருத்தம் தருகிற விஷயம். பத்து நிமிடப் பேச்சில் இரண்டு மணி நேரக் கூலி மிச்சமாகிற இடம் அது.

இப்போது ஐந்தாவது ஸோன். கசிவு இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு. ஸோன் நின்றதும் மேட்டில் உள்ள பைப்பில் தங்கியிருக்கும் தண்ணீர் இறங்கி வந்து, ஆகத் தாழ்வான ஹெட் வழியாக வெளியே வரும். ஐந்து, பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். இது பழுதே இல்லை. சரிவான தோட்டத்தில் இயல்பு. அந்த ஈரம் பிடிக்கவில்லை என்றால், அடியில் தண்ணீர் வழிந்துபோகாமல் தடுக்கும் செக் வால்வு வைத்த ஹெட்டாக அந்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இரவு நின்ற ஸோன் மறுநாள் மதியமும் கசிகிறது என்றால் வால்வு முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

உறுதி செய்வது எளிது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தெருவோரம் உள்ள தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அதில் சின்ன நட்சத்திரமோ முக்கோணமோ ஒன்று இருக்கும். துளி ஓட்டம் இருந்தாலும் அது சுற்றும். அது சுற்றுகிறதா? பிறகு ஸ்பிரிங்ளர் லைனுக்கு என்று தனியாக இருக்கும் பால் வால்வை (ball valve, கைப்பிடியைத் திருப்பி மூடுவது) மூடுங்கள். சுற்று நின்றுவிட்டால் கசிவு பாசன லைனில். நிற்காவிட்டால் கசிவு வேறெங்கோ, பெரும்பாலும் டாய்லெட் சிஸ்டர்ன் (ஃப்ளஷ் தொட்டி). அதற்குப் போய் பாசனக்காரரை அழைத்துக் கால்-அவுட் கட்ட வேண்டியதில்லை. பால் வால்வை மூடியே வைத்திருங்கள், பழுது பார்க்கும்வரை கைக்குழாயால் தண்ணீர் விடலாம்.

சின்னக் கசிவுதானே என்று விடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், முப்பது நாளைக்கு 43 கிலோலிட்டர். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தின் சாதாரண மாதச் செலவைவிட இது அதிகம். இங்கே தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். நீங்கள் குளித்துத் துவைத்த தண்ணீர் கீழ்ப் படிகளில் போய்விடும். கசிந்த தண்ணீர் முழுக்க மேல் படி விலையில் வந்து விழும். பில் ஏறியதற்கு இதுவே போதும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். செஞ்சூரியனின் பெரும்பகுதி டோலமைட் பாறை மேல் இருக்கிறது. லாடியம் பக்கமும், ஜோகன்னஸ்பர்க்கில் லெனேசியாவின் சில பகுதிகளும் அப்படித்தான். டோலமைட் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைகிற பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் உள்ளே பொந்துகள் உண்டாகியிருக்கும். மேலே மண் மூடி நிற்பதால் தெரியாது. ஒரே இடத்தில் தொடர்ந்து தண்ணீர் இறங்கினால் அந்த மண் மெதுவாகப் பொந்துக்குள் அரித்துக்கொண்டு போகும். ஒரு நாள் மேல்தரை உள்வாங்கும். இந்தப் பகுதிகளில் நகரத்துக்குள் உண்டாகிற குழிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கசிகிற தண்ணீர்ப் பைப்பும் சாக்கடைப் பைப்பும், தேங்குகிற மழைநீரும்தான். டோலமைட் நிலத்தில் கட்டுமானம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே எஸ்ஏஎன்எஸ் 1936 என்று தனித் தேசியத் தரம் இருக்கிறது. உங்கள் எஸ்டேட் நிர்வாகத்திடம் டோலமைட் பற்றிய விதிமுறைத் தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். சுவர்களில் புதிய விரிசல், கதவு திடீரென்று இறுகிப் பிடிப்பது, புல்தரை ஓரிடத்தில் கிண்ணம்போல இறங்குவது, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் ஸ்பிரிங்ளரை மறந்துவிட்டு உடனே நிர்வாகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. டோலமைட் மேல் பல்லாயிரம் குடும்பங்கள் நிம்மதியாக வாழ்கின்றன. ஆனால் அங்கே கசிவை மாதக்கணக்கில் விட்டுவைக்கிற பழக்கம் மட்டும் கூடாது.

சரி, கசிகிற வால்வைத் திறப்போம். பால் வால்வு மூடியிருக்க வேண்டும், கன்ட்ரோலர் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். வால்வு பாக்ஸின் பச்சை மூடியைத் தூக்கினால் பாதி நேரம் சேறுதான் தெரியும். கரண்டியால் அள்ளி, வால்வின் அடிப்பாகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். திறக்கும்போது சேறு உள்ளே விழுந்தால் புதுப் பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும். வால்வின் மேல்மூடியில் நாலோ ஆறோ ஸ்க்ரூ இருக்கும். கழற்றித் தூக்கினால் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே வட்ட ரப்பர் டயஃப்ரம். அதை எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே எடுத்து வையுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் நல்லது. டயஃப்ரம் உட்காருகிற பிளாஸ்டிக் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மணல் துகளோ, பைப் வெட்டும்போது விழுந்த கறுப்புப் பிளாஸ்டிக் சுருளோ சிக்கியிருக்கும். கடுகளவு இருந்தாலும் போதும், வால்வு முழுதாக மூடாது. டயஃப்ரத்திலும் மூடியிலும் ஊசித்துளை போன்ற சின்னத் துவாரம் ஒன்று இருக்கும், அதுவும் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரப்பரை வெளிச்சத்துக்கு நேரே மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறல் இல்லையென்றால் அதையே திரும்பப் போடலாம், செலவு ஒன்றுமில்லை. கீறியிருந்தால் அதே மாடல் டயஃப்ரம் மட்டும் வாங்குங்கள். ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் மூடி சாய்ந்து உட்கார்ந்து ஓரம் கசியும்.

இதைச் செய்து முடித்தும் கசிகிறது என்றால் சொலனாய்டின் அடியில் உள்ள சின்னப் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். காயிலைக் கையால் திருகிக் கழற்றி, பிஸ்டன் தடையில்லாமல் மேலும் கீழும் போகிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால்தான் முழு வால்வு மாற்றும் பேச்சே வர வேண்டும். ஆறு வால்வையும் மாற்றச் சொன்னவர் இதில் ஒரு மூடியையாவது திறந்து பார்த்தாரா? அதை அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஸோன் மின்சாரத்தின் கோளாறா தண்ணீரின் கோளாறா என்று முதலில் பிரிக்க வேண்டும். மூன்றாவது வால்வைக் கண்டுபிடித்து, சொலனாய்டைக் கையால் கால் சுற்று தளர்த்துங்கள். ஹெட்கள் எழுந்து தண்ணீர் அடித்தால் பைப்பும் வால்வும் நலம், குறை மின்சாரப் பக்கம். அடிக்கவில்லை என்றால் வால்வில் தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோ எப்போதோ மூடிவிட்டு மறந்திருப்பார்கள். இதற்காகவே வண்டி எடுத்துக்கொண்டு போன வீடுகள் உண்டு.

மின்சாரப் பக்கம் என்றால் கன்ட்ரோலரில் தொடங்குங்கள். மூன்றாவது ஸோனை மேனுவலில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, காமன் முனைக்கும் (எல்லா ஸோனுக்கும் பொதுவானது) மூன்றாம் முனைக்கும் நடுவே அளந்தால் 24 முதல் 28 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கன்ட்ரோலரில் அந்த முனை போயிருக்கலாம். மீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்றாம் ஒயரைக் கழற்றி நான்காம் முனையில் மாட்டி, திரும்பப் பிளக் போட்டு நான்காவதை ஓடவிடுங்கள். மூன்றாவது தோட்டப் பகுதியில் தண்ணீர் வந்தால் கெட்டது கன்ட்ரோலரின் முனை. வராவிட்டால் கெட்டது வெளியே.

வெளியே என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்றாம் ஒயரை முனையிலிருந்து கழற்றி, அதற்கும் காமனுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 20 முதல் 60 ஓம்வரை இருந்தால் காயிலும் ஒயரும் நலம். எண்ணே வராமல் திறந்த கோடு, அதாவது மின்சுற்று அறுந்த நிலை, காட்டினால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது காயில் எரிந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் ஷார்ட் சர்க்யூட். அடுத்ததாக வால்வு பாக்ஸுக்குப் போய்க் காயிலின் இரண்டு ஒயரிலும் நேரே அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

நான் பார்க்கிற "வராத ஸோன்" கேஸ்களில் மிக அதிகம் ஒயர் இணைப்புதான். வால்வு பாக்ஸுக்குள் இரண்டு ஒயரை முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்திருப்பார்கள். பாக்ஸ் மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கும். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிக் கையோடு வந்துவிடும். நல்ல செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டி, தோல் சீவி, உள்ளே ஜெல் நிரம்பிய நீர்புகா கனெக்டர் போடுங்கள். ஒன்று 15 முதல் 40 ராண்ட். அந்த பாக்ஸில் இருக்கிற மற்ற ஸோன்களின் இணைப்பையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் அடுத்த ஸோன் நிற்கும்.

காயில் எரிவதற்கு இங்கே இன்னொரு காரணம் மின்னல். ஹைவெல்டின் (நாங்கள் இருக்கும் உயர் பீடபூமி) கோடைப் பிற்பகல் இடிமழையை ஒரு பருவம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்கடியில் நீளமாக ஓடுகிற ஒயர்கள் வழியாக அதிர்ச்சி வந்து டிரான்ஸ்ஃபார்மரையும் காயிலையும் ஒரே நாளில் எரித்துவிடும். ஒரு பெரிய இடிமழைக்கு மறுநாள் கன்ட்ரோலர் செத்துக் கிடந்தால், காசு கொடுத்து மாற்றுவதற்கு முன் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். மின்னல், பவர் சர்ஜ் என்ற பிரிவு இருந்தால் கோரலாம். எக்ஸஸ் தொகை (கோரும்போது நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) பழுதுச் செலவைவிடக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) நடந்த வருஷங்களில் வேறு தொல்லை: மின்சாரம் போய்ப் போய் வந்ததில் பழைய கன்ட்ரோலர்களில் நேரம் அழிந்துபோய், நடுப்பகலில் ஸ்பிரிங்ளர் ஓடும். உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். பேட்டரியை மாற்றினால் சரியாகிற ஒன்றுக்காகப் புது கன்ட்ரோலர் வாங்கியவர்கள் நிறைய. உங்களுடைய கன்ட்ரோலர் மற்ற ஐந்து ஸோனையும் ஒழுங்காக ஓட்டுகிறது என்கிறீர்கள். அப்படியானால் அதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. வைஃபை வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் வேறு விஷயம்.

ஹெட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் ஒருபக்கம் பீய்ச்சினாலோ பலமில்லாமல் அடித்தாலோ நாசிலைக் கழற்றி, அடியில் உள்ள சல்லடையை அலசுங்கள். புல்வெட்டி அடித்து உடைக்கிற ஹெட் என்றால், அது தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடி மண் மட்டத்துக்குச் சமமாக இருக்கும்படி இறக்கி வைக்காவிட்டால் புது ஹெட்டும் அடுத்த மாதமே உடையும்.

புல்தரையில் ஹடேடாப் பறவைகள் தினமும் ஒரே இடத்தில் கூடி அலகால் குத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தை மிதித்துப் பாருங்கள். மண் இளகி, புழு மேலே வருகிற இடத்துக்குத்தான் அவை வரும். அடியில் பைப் கசிகிறதா என்று சந்தேகப்படலாம். பைப் வெட்டுப்பட்டிருந்தால் சுற்றிலும் அகலமாகத் தோண்டி, சேதமான துண்டை வெட்டி எடுத்து, ஜாயினர் போட்டு இரண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்க வேண்டும். கறுப்பு பாலித்தீன் பைப் விறைப்பாக இருந்து ஜாயினர் ஏறாவிட்டால், ஃபிளாஸ்கில் கொதிநீர் கொண்டுபோய் பைப் முனையை அரை நிமிடம் நனைத்தால் தானாக வழுக்கி ஏறும். மண்ணை மூடும்முன், அந்த லைனின் கடைசி ஹெட்டிலிருந்து நாசிலைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். வெட்டியபோது உள்ளே போன மண்ணெல்லாம் வெளியேறும். அவசரமாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுகிற படி இதுதான். பைப்பைச் சரிசெய்துவிட்டுப் போன மறுவாரம் நாலு நாசில் அடைத்துக்கொண்டு இன்னொரு கால்-அவுட் கட்டுவது இதனால்தான்.

ஆள் வைத்தே செய்கிறீர்கள் என்றால் பேச வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. "ஸ்பிரிங்ளர் வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "மூன்றாவது ஸோனில் வால்வைக் கையால் திறந்தால் தண்ணீர் வருகிறது, கன்ட்ரோலரில் 26 வோல்ட் இருக்கிறது, ஓம் திறந்த கோடு காட்டுகிறது. ஐந்தாவது வால்வு மூடவில்லை. இந்த இரண்டுக்கு மட்டும் எவ்வளவு?" என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். தேடும் நேரத்தை நீங்களே முடித்துவிட்டதால் அவர் துணிந்து ஒரு தொகை சொல்ல முடியும். ஒரு கால்-அவுட், இரண்டு மணி நேரக் கூலி, ஒரு காயில், ஒரு டயஃப்ரம், நாலைந்து கனெக்டர் என்று கூட்டினால் நான் முதலில் சொன்ன 2,000 முதல் 3,000 ராண்ட் கணக்கு வந்துவிடும்.

கொட்டேஷனை வரிவரியாகக் கேளுங்கள்: எத்தனை பாகம், எந்த மாடல், ஒன்றின் விலை என்ன, கூலி தனியாக எவ்வளவு. 15 சதவீத வாட் சேர்த்த தொகையா சேர்க்காததா என்று எழுதியிருக்க வேண்டும். வாட் போட்டிருந்தால் வாட் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று வருவாய்த் துறையான சார்ஸின் இணையதளத்தில் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. பதிவு செய்யாதவர் வாட் வாங்கக் கூடாது.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. வேலை தொடங்குமுன் மதிப்பீடு கேட்டு வாங்கியிருந்தால், உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. மதிப்பீடு போடுவதற்கே கட்டணம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். 57-ஆவது பிரிவின்படி பழுது பார்க்கும்போது பொருத்திய பாகத்துக்கும், பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. இரண்டாம் மாதத்தில் அதே காயில் நின்றுவிட்டால் திரும்பவும் கால்-அவுட் கேட்பது சரியல்ல. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "மூன்று மாத கேரண்டியை பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் போதும், ஒழுங்கானவர் எழுதிக் கொடுப்பார். கழற்றிய பழைய பாகங்களை விட்டுவிட்டுப் போகும்படியும் சொல்லுங்கள்.

எப்போது முழுதாக மாற்றுவது நியாயம்? பைப் பல இடத்தில் வெடித்து வெடித்து ஒட்டியிருந்தால், வேர்கள் நசுக்கியிருந்தால், ஒரே ஸோனில் ஸ்ப்ரே ஹெட்டையும் (சுழலாமல் நின்று தெளிப்பது) ரோட்டரையும் கலந்து போட்டிருந்தால். இந்தக் கடைசிக் குறை இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. ஸ்ப்ரே ஹெட் மணிக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் மழைக்குச் சமமாகப் பொழியும். சுழலும் வகை நாசில் அதில் கால்வாசிதான், ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே வால்வில் கட்டினால் ஒரு பக்கம் சேறாகும், ஒரு பக்கம் காய்ந்துபோகும். அங்கே பழுது பார்த்துப் பயனில்லை, அமைப்பையே மாற்ற வேண்டும். அப்போதும் நாசில்களை மட்டும் ஒரே வகையாக மாற்றினால் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பாப்-அப் உடல்களில் சுழலும் நாசிலும் பொருந்தும். பிரஷர் போதவில்லை, பம்ப் வையுங்கள் என்று யாராவது சொன்னால் கசிவையும் அடைப்பையும் முதலில் முடியுங்கள். அதற்குப் பிறகும் ஸ்ப்ரே ஹெட்டில் 2 பார் வரவில்லை என்றால்தான் பம்ப் பேச்சு.

உங்கள் தோட்டத்தில் இருப்பது கிகூயூ புல் என்று நினைக்கிறேன், செஞ்சூரியனில் பெரும்பாலும் அதுதான். அது குளிர்காலத்தில் பனி பட்டுப் பழுப்பாகி உறங்கிவிடும். ஜூன், ஜூலையில் அதற்குத் தண்ணீர் விட்டுப் பச்சையாக்க முயல்வது வீண். மழை அக்டோபரிலிருந்து மார்ச்வரை வருகிறது. ஆக, ஸ்பிரிங்ளர் உண்மையில் உழைக்க வேண்டிய காலம் குளிர் விட்டு மழை பிடிப்பதற்கு நடுவே உள்ள வாரங்களும், நடுவில் மழை தவறுகிற நாட்களும்தான். செப்டம்பர் பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்களைக் கூப்பிடுவார்கள். ஜூன், ஜூலையில் எங்கள் கை சும்மா இருக்கும். அவசரமில்லாத வேலைகளை, உங்கள் பட்டியலில் உள்ள ஹெட் மாற்றம் போன்றவற்றை, அந்த மாதங்களுக்குத் தள்ளிவைத்தால் பேரம் பேசவும் இடம் கிடைக்கும், வேலையும் நிதானமாக நடக்கும்.

டர்பன் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மழையும் ஈரமும் அதிகம், புல்லும் வேறு. ஸ்பிரிங்ளரே இல்லாமல் சமாளிக்கிற தோட்டங்கள் நிறைய. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி, அங்கே இருந்த நம் மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகு குழாய்த் தண்ணீரைப் புல்லுக்கு அடிப்பதைப் பற்றி என் மனசு மாறிவிட்டது. கூரைத் தண்ணீரை ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துத் தோட்டத்துக்கு விடுங்கள் என்றுதான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் தொட்டி, போர்வெல் தண்ணீர் லைனை நகராட்சி லைனோடு நேரடியாக இணைக்கவே கூடாது. பிரஷர் குறைகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் குடிநீருக்குள் போய்விடும்.

பழுது முடிந்ததும் கன்ட்ரோலர் நேரத்தையும் திருத்துங்கள். கோடையில் மழையில்லாத வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் கிகூயூவுக்குப் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் புல்லுக்கு வாரம் 2,500 லிட்டர். ஸ்ப்ரே ஹெட் என்றால் வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். களிமண்ணாக இருந்தால் அதை ஆறாறு நிமிடமாக, நடுவே ஒரு மணி நேரம் விட்டு இரண்டு தடவையாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். விடியலுக்கு முன் ஓடும்படி வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காலை 6 முதல் மாலை 6 வரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை இருக்கிறது. உங்கள் பகுதி ட்ஷ்வானே நகராட்சியில் வருகிறது, அங்கே இப்போது என்ன கட்டுப்பாடு என்று எஸ்டேட் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கறிவேப்பிலையும் வாழையும் வைக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றைப் புல்லின் வால்வோடு சேர்க்காதீர்கள். மூன்றாவது வால்வு பாக்ஸைத் திறக்கிற அன்றைக்கே சொட்டு நீருக்கு என்று ஒரு வால்வு கூடுதலாகப் போட்டுவிடுங்கள். பாக்ஸ் திறந்திருக்கும்போது அந்த ஒரு வால்வுக்கு அரை மணி நேரக் கூலிதான் ஆகும், தனியாகக் கூப்பிட்டால் மறுபடியும் ஒரு கால்-அவுட். கன்ட்ரோலரில் ஆறு முனையும் நிரம்பியிருந்தால் பரவாயில்லை, கையால் திறக்கும் குழாயில் மாட்டுகிற பேட்டரி டைமர் ஒன்று போதும். கறிவேப்பிலையை வடக்குப் பார்த்த சுவரோரம் வையுங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும், பனியும் அந்தச் சுவரோரம் குறைவாக விழும்.